"எங்க வீட்டுல ஒருத்தி": வீட்டுச் செவிலியரின் தொழில் எல்லை பற்றி

வீட்டுக்கு வந்து நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் செவிலியரைப் பற்றி ஒரு குடும்பம் மனம் நிறைந்து சொல்லும் பாராட்டு பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "சிஸ்டர் எங்க வீட்டுல ஒருத்தியாவே ஆயிட்டாங்க." சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள், கேட்கும் செவிலியருக்கும் அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறு இருப்பதாகத் தோன்றாது. நீண்ட காலமாக இந்தப் பணியில் இருக்கும் எனக்கு, இந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் மகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கை உணர்வும் சேர்ந்தே வருகிறது. குடும்பத்தில் ஒருவராகிவிட்ட செவிலியரால், குடும்பத்தார் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்ல முடியாமல் போகும் நாள் கட்டாயம் வரும். அந்த நாளில் இழப்பு நோயாளிக்குத்தான். வார்டிலிருந்து வீட்டுப் பராமரிப்புக்குப் புதிதாக வரும் இளம் செவிலியர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர்களை அமர்த்தும் குடும்பத்தாரும் படித்தால் நல்லது.

மருத்துவமனை வார்டில் தொழில் எல்லையை நாம் தனியாகக் கட்டிக் காக்க வேண்டியதில்லை. அந்த இடமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. சீருடை, டியூட்டி மாறும் நேரம், கேஸ் ஷீட், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் இன்னொரு நோயாளி, ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர், எந்நேரமும் எட்டிப் பார்க்கக்கூடிய தலைமைச் செவிலியர் என்று எல்லாமே, இங்கே நாம் யார், எதற்காக நிற்கிறோம் என்பதை நினைவூட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் அவற்றில் எதுவும் கிடையாது. அழைப்புமணியை அடித்து, கதவு திறக்கும்வரை காத்திருந்து, அவர்களுடைய அனுமதியோடு அவர்களுடைய படுக்கையறைக்குள் போகிறோம். பீரோ சாவி எங்கே தொங்குகிறது, எந்த மகன் தொலைபேசியில்கூடப் பேசுவதில்லை, கடன்காரரின் கடிதம் எந்த மேசையில் பிரிக்கப்படாமல் கிடக்கிறது என்பதெல்லாம் நாம் தேடாமலேயே நம் கண்ணில் படும். ஒரே நோயாளியோடு பல மணி நேரம், பல மாதங்கள் இருக்கும்போது, இரண்டு மனிதர்களுக்கிடையே பேச்சும் பழக்கமும் வளர்வதை யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை.

வீடு அவர்களுடையது, ஊதியமும் அவர்கள் தருவது, ஆகவே அதிகாரம் முழுக்க அவர்கள் கையில்தான் இருக்கிறது என்று புதிதாக வருபவர்கள் நினைப்பது இயல்பு. அது பாதிதான் உண்மை. புரண்டு படுப்பதற்கும், உடை மாற்றுவதற்கும், மலம் கழித்தபின் சுத்தம் செய்துகொள்வதற்கும் இன்னொருவரின் கையை நம்பியிருக்கும் மனிதர், அந்தக் கைக்கு உரியவரைக் கோபித்துக்கொள்ளத் தயங்குவார். அவருடைய உடம்பைப் பற்றி அவரைவிட நமக்கு அதிகம் தெரியும். நம்முடையதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இந்தச் சமமின்மையை வைத்துத்தான், எல்லையை வகுப்பதும் காப்பதும் செவிலியரின் பொறுப்பு என்று தொழில்நெறி சொல்கிறது. அமெரிக்காவின் மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றம் இதை ஒரு தொடர்ச்சியாக விளக்குகிறது: ஒரு முனையில் அளவுக்கு மீறிய ஈடுபாடு, மறு முனையில் ஒட்டாத அலட்சியம், இரண்டுக்கும் நடுவே நோயாளிக்குப் பயன்படும் உதவியின் பரப்பு. நோயாளியின் தேவைக்காகச் சற்று எல்லை தாண்டித் திரும்புவதையும், செவிலியரின் தேவை நோயாளியின் தேவையோடு குழம்பிப்போய் நடக்கும் மீறலையும் அது வேறுவேறாகப் பார்க்கிறது. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். ஏனென்றால் நடுப்பகுதி ஒரு கோடாக இல்லாமல் ஒரு பரப்பாக இருப்பதால், அதற்குள் நடமாட நமக்கு இடம் இருக்கிறது.

வீட்டுச் செவிலியம் தொடங்கிய காலத்திலேயே இந்தக் கேள்வியும் தொடங்கிவிட்டது. 1859இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தம் மனைவியை அவருடைய கடைசி நோயில் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியரை, அந்நகரின் ஏழை நோயாளிகளை அவர்கள் வீட்டிலேயே பராமரிக்க அமர்த்தினார். அதிலிருந்து வளர்ந்த மாவட்டச் செவிலியர் முறையில், செவிலியர் தானம் வழங்குபவராக மாறிவிடக்கூடாது என்பதை ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வலியுறுத்தினார். பொருள் கொடுக்கும் கையாக ஆகிவிட்டால், நோயாளி செவிலியரை எதிர்பார்ப்பதற்குக் காரணமே மாறிவிடும். 1893இல் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதிய, நைட்டிங்கேலின் பெயரைத் தாங்கிய உறுதிமொழியில், நோயாளியின் சொந்த விஷயங்களோடு, தொழிலின்போது தெரியவரும் குடும்ப விவகாரங்களையும் இரகசியமாகக் காப்பேன் என்ற வாக்கும் இடம்பெற்றிருக்கிறது. குடும்ப விவகாரம் என்று அவர்கள் தனியாகக் குறிப்பிட்டது, வீட்டுக்குள் போய் வேலை செய்பவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அந்த வேலையைச் செய்தவர்கள் அறிவார்கள்.

குடும்பத்தில் ஒருவராவதால் இழப்பது எது என்று கேட்டால், முதலில் பார்வை என்று சொல்வேன். நான் கவனித்துக்கொண்ட ஒரு பெரியவர் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருந்தார். பகலில் நான் இருப்பேன். இரவில் அவருடைய மகள் பார்த்துக்கொள்வார். ஒரு நாள் காலையில் அவரைப் பக்கவாட்டில் திருப்பி முதுகைத் துடைத்தபோது, இடுப்புக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் ஒரு கணம் வெளுத்துவிட்டுப் பிறகு சிவக்கும். அந்த இடம் வெளுக்கவே இல்லை. சுற்றியிருந்த தோலைவிடச் சூடாகவும் சற்றுக் கெட்டியாகவும் இருந்தது. படுக்கைப்புண்ணின் முதல் நிலை அது. தோல் கிழியாத அந்த நிலையில் பிடித்துவிட்டால், அழுத்தத்தைக் குறைத்தே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். விட்டுவிட்டால் தசைவரை இறங்கும்.

அந்தச் சிவப்புக்கு என்ன பொருள் என்பது எனக்கும் அவருடைய மகளுக்கும் தெரியும். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுவதாகத் திட்டம். முந்தைய சில இரவுகளில் அது நடக்கவில்லை. அவர் பகலில் வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் விழித்திருப்பவர், அயர்ந்து தூங்கியிருந்தார். நான் அந்த வீட்டின் இளைய மகளைப்போல் ஆகியிருந்தால், 'பாவம், இதை எப்படிச் சொல்வது' என்று ஒரு நாள் தள்ளிப்போட்டிருப்பேன். குறிப்பேட்டில் மங்கலாக எழுதியிருப்பேன். செவிலியராக இருந்ததால் இடம், அளவு, நிறம், நேரம் ஆகியவற்றை எழுதிவிட்டு, "அக்கா, இது யாரோட தப்புன்னு பேச வரல. இன்னைக்கு ராத்திரிலேருந்து அப்பாவை எப்படித் திருப்பறதுன்னு முடிவு பண்ணணும்" என்று சொன்னேன். மருத்துவரிடமும் தெரிவித்தேன். காற்று மெத்தை வந்தது. இரவுக்கு உதவியாளர் ஒருவரும் அமர்த்தப்பட்டார். அந்த மகள் அழுதார். அவருக்குப் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருடைய களைப்பும் என் பராமரிப்புத் திட்டத்தில் சேர வேண்டியதுதான் என்று அப்போது குறிப்பேட்டில் இன்னொரு வரி எழுதினேன்.

இரகசியம் காக்கச் சொல்லும் வேண்டுகோள் இதைவிடக் கடினமானது. குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு மூதாட்டி, நான் போனதும் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், நான் விழுந்ததைப் பையன்கிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் என்னைத் தனியா விடமாட்டான்" என்று கேட்டார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். தலையில் அடிபட்டிருந்தால் மண்டைக்குள் மெதுவாக இரத்தம் கசிந்து, நாள்கள் கழித்துக்கூட ஆபத்தாகலாம். இங்கே இரண்டு பேரை வேறுபடுத்த வேண்டும். தன் நினைவோடு தெளிவாக முடிவெடுக்கக்கூடிய ஒரு பெண்ணின் உடல்நிலை பற்றிய செய்தி அவருக்கே உரியது. மகன் என்பதால் மட்டும் அது மகனுக்குச் சேர்ந்துவிடாது. சிகிச்சை தரும் மருத்துவரிடம் செவிலியர் எதையும் மறைக்க முடியாது. ஆகவே, "டாக்டர்கிட்ட நான் சொல்லியே ஆகணும் அம்மா, இப்பவே சொல்றேன். பையன்கிட்ட சொல்றது உங்க முடிவு. நீங்க சொல்றதா இருந்தா நான் பக்கத்துல இருக்கேன்" என்று பதில் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார். அன்று மாலை அவரே மகனிடம் சொன்னார். தனியாக விட முடியாது என்று மகனும், சிறைவைத்துவிடாதே என்று தாயும் வெளிப்படையாகப் பேசிக்கொண்டார்கள். 'நமக்குள்ளேயே இருக்கட்டும்' என்று நான் ஒத்துக்கொண்டிருந்தால், அதற்கடுத்த இரகசியமும் என்னிடம் வந்திருக்கும். நோயாளிக்கும் எனக்கும் இடையே குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் தெரியாத ஓர் உலகம் உருவாகியிருக்கும். எல்லை மீறல்களைப் பின்னோக்கிப் பார்த்தால், தொடக்கத்தில் இப்படி ஒரு சின்ன இரகசியம் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பலரும் எல்லையை, யாரோ அதைத் தாண்டிய பிறகுதான் சொல்லத் தொடங்குகிறார்கள். அப்போது அது கோபமாகத்தான் கேட்கும். முதல் நாளிலேயே, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னால் அது வெறும் தகவலாக இருக்கும். முதல் நாள், மருந்துகளைச் சரிபார்த்து, நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து முடித்த பிறகு, நோயாளியையும் வீட்டில் முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவது என் வழக்கம். நான் என்னென்ன செய்வேன், எதைச் செய்ய மாட்டேன், மருத்துவரின் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் எந்த மருந்தையும் கொடுக்கவோ நிறுத்தவோ மாட்டேன், என் டியூட்டி நேரம் எது, அதற்குப் பிறகு அவசரம் என்றால் யாரை அழைக்க வேண்டும், நோயாளியைப் பற்றி நான் யாரிடம் பேசலாம் என்று நோயாளி விரும்புகிறார் என்பவற்றை அந்தப் பேச்சில் முடித்துவிடுவேன். அவர்களை எப்படி அழைக்க வேண்டும் என்றும் கேட்பேன். எல்லா முதியவர்களையும் கேட்காமலே 'தாத்தா, பாட்டி' ஆக்கிவிடுவது நம்மிடம் உள்ள பழக்கம். சிலருக்கு அது இதமாக இருக்கும், வேறு சிலருக்கு, வாழ்நாள் முழுவதும் தமக்கென்று இருந்த மதிப்பைப் படுக்கையில் விழுந்ததும் பறித்துக்கொண்டதுபோல் இருக்கும். கடைசியாக, பேசியதையெல்லாம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி அவர்களுக்கும் காட்டுவேன். சில மாதங்கள் கழித்து யாராவது வேறு ஒன்றைக் கேட்கும்போது அந்தப் பக்கம் எனக்காகப் பேசும்.

மருந்து விஷயத்தில் வரும் வற்புறுத்தல்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. "போன தடவை போட்ட அதே ஊசிதானே, வாங்கி வெச்சிருக்கோம், போட்டு விடுங்க சிஸ்டர்" என்பார்கள். காய்ச்சலோடு முனகும் தந்தையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மகன் அப்படிக் கேட்பதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் போன முறை ஒத்துக்கொண்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இந்த முறை கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம். சில நிமிடங்களில் மூச்சுத்திணறலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். அப்போது தொடையில் போட வேண்டிய அட்ரினலின் ஊசியும், உயிர்வாயுவும், உதவிக்கு ஓடிவரும் இன்னொரு கையும் அந்தப் படுக்கையறையில் இருக்காது. காய்ச்சல் எதனால் வந்தது என்பது தெரியாமல் போடப்படும் ஊசி நோயை மறைத்தும் விடலாம். வெறுமனே மறுத்துவிட்டு நிற்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெப்பநிலை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சின் வேகம், உயிர்வாயு அளவு ஆகியவற்றை எடுத்து, சிறுநீர்க் குழாய் இருந்தால் பையில் இருக்கும் சிறுநீரின் நிறத்தைப் பார்த்து, உடனே மருத்துவரை அழைத்து அந்த எண்களைச் சொல்லுங்கள். அந்த மகனுக்குத் தேவைப்படுவது யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான். அதைச் செவிலியராக நாம் செய்ய முடியும். இதே போலத்தான், வீட்டிலுள்ள மற்றவர்களின் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து மாத்திரையைக் கூட்டவா குறைக்கவா என்று கேட்பதும். அளந்து சொல்வதில் தவறில்லை. அளவை மாற்றச் சொல்வது நம் வேலையில்லை.

பணமும் பரிசும் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. கடன் வாங்கக்கூடாது, கொடுக்கவும் கூடாது. நோயாளியின் ஏடிஎம் அட்டையும் அதன் இரகசிய எண்ணும் நம் கைக்கு வரக்கூடாது. உயிலிலோ அதிகாரப் பத்திரத்திலோ சாட்சியாகக் கையெழுத்திடக்கூடாது. அந்த ஆவணம் எப்போதாவது நீதிமன்றத்துக்குப் போனால், நோயாளி அன்று எந்த மருந்தின் மயக்கத்தில் இருந்தார் என்பதை அறிந்த செவிலியரே சாட்சியாகவும் இருந்தது இருவருக்கும் கேடு. சிறு பரிசுகள் குறித்து நிறுவனத்தின் விதி என்னவோ அதன்படி நடக்க வேண்டும். விதி அனுமதித்தாலும் வாங்கியதைத் தெரிவிக்க வேண்டும். நோயாளி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுக்கும்போது, அதை வாங்கினால் நாளை வரும் மாற்றுச் செவிலியரும் அதேபோல் எதிர்பார்க்கிறார் என்று அவர் நினைக்கக்கூடும் என்பதை யோசியுங்கள். மறதி நோய் உள்ளவர் கொடுக்கும் எந்தப் பொருளையும் வாங்கவே கூடாது. அடுத்த நாள் அது காணாமல்போன பொருளாகிவிடும்.

வீட்டு வேலை பற்றிய சச்சரவு ஓயாதது. இதில் என் கருத்தோடு எல்லாச் செவிலியர்களும் ஒத்துப்போக மாட்டார்கள். நோயாளியின் படுக்கை விரிப்பை மாற்றுவது, அவருடைய உணவைத் தயாரித்து மூக்குவழிக் குழாயில் கொடுப்பது, அவர் பயன்படுத்திய பாத்திரத்தைக் கழுவுவது, அவருடைய அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது ஆகியவற்றை என் வேலையாகவே கருதுகிறேன். தொற்று வராமல் தடுப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது. குடும்பத்தாருக்குச் சமைப்பதும், வீடு முழுவதையும் பெருக்குவதும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் என் வேலையல்ல. அந்த வேலைகளை நான் தாழ்வாக நினைக்கவில்லை. அடுப்படியில் நிற்கும் நேரத்தில் மூச்சுக்குழாயில் பொருத்திய குழலில் சளி அடைத்துக்கொண்டால் உறிஞ்சி எடுக்க ஆள் இருக்காது என்பதுதான் காரணம். குடும்பத்தாரிடம் இந்தக் காரணத்தையே சொல்லுங்கள். "அது எங்கள் வேலையில்லை" என்று மட்டும் சொன்னால் அகம்பாவமாகப் படும், காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

உடன்பிறந்தவர்கள் சண்டையிடும் வீட்டில், செவிலியர் யார் பக்கம் என்று அறிய எல்லோருக்கும் ஆசை இருக்கும். தந்தையைச் சரியாகப் பார்த்துக்கொள்வது தானா, தம்பியா என்று அண்ணன் நம்மிடம் கேட்பார். இரவில் தம்பி தனியாக வாட்ஸாப்பில் செய்தி அனுப்பி, அண்ணன் வந்தாரா என்று விசாரிப்பார். இருவருக்கும் ஒரே தகவலை, ஒரே குறிப்பேட்டிலிருந்து, நோயாளியின் அனுமதியோடு தருவதைத் தவிர வேறு வழியில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு: நோயாளி அடிக்கப்படுகிறார், பட்டினி போடப்படுகிறார், மிரட்டிக் கையெழுத்து வாங்கப்படுகிறார் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால், குடும்ப விவகாரம் என்று வாயை மூடிக்கொண்டிருக்க நமக்கு உரிமையில்லை. கண்டதைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதி, மேற்பார்வையாளருக்கும் சட்டம் சொல்லும் அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும்.

நம்மைப் பற்றி எவ்வளவு பேசலாம் என்பது இளையவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி. மணமாகிவிட்டதா, குழந்தைகள் எத்தனை என்று நோயாளி கேட்டால் பதில் சொல்வதில் என்ன குறை? ஒன்றுமே சொல்லாத செவிலியரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். நம் கவலையைக் கேட்டு நோயாளி நமக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் நிறுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அன்றிலிருந்து தன் வலியை நம்மிடம் குறைத்துச் சொல்வார். 'அவளுக்கே ஆயிரம் கஷ்டம்' என்று நினைத்து இரவில் அழைப்பதைத் தவிர்ப்பார். நோயாளியின் படத்தை நம் கைபேசியில் வைத்திருப்பதோ சமூக ஊடகத்தில் போடுவதோ, முகம் தெரியாவிட்டாலும், குடும்பமே சம்மதித்தாலும், வேண்டாம். காயத்தின் படம் மருத்துவருக்குத் தேவை என்றால் ஒப்புதல் பெற்று, நிறுவனம் சொல்லும் வழியில் மட்டும் அனுப்பலாம்.

எல்லையை நோயாளியோ குடும்பத்தாரோ மீறுவதும் உண்டு. குளிப்பாட்டும்போது ஆபாசமாகப் பேசுபவர்கள், தொடத் தேவையில்லாத இடத்தில் தொடுபவர்கள், இரவு டியூட்டியில் அறைக் கதவைத் தட்டும் உறவினர்கள் பற்றி நம்மிடையே மெல்லிய குரலில்தான் பேசிக்கொள்கிறோம். மூளைப் பாதிப்பால் கட்டுப்பாட்டை இழந்த ஒருவர் செய்வதையும், தெளிந்த அறிவோடு ஒருவர் செய்வதையும் பிரித்துப் பார்க்க நமக்குப் பயிற்சி இருக்கிறது; ஆனால் இரண்டையுமே பொறுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. முதல்முறை நடந்ததுமே, செய்ததை அதன் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நிறுத்தச் சொல்லி, வேலையை அபாயமில்லாத நிலைவரை முடித்துவிட்டு அறையைவிட்டு வெளியே வந்து, அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உடனடி அபாயம் என்றால் முடிப்பதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். "பெரியவர், நோயாளி, பொறுத்துக்கோம்மா" என்று சொல்லும் மேற்பார்வையாளர், அடுத்து அங்கே அனுப்பப்படும் செவிலியரையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, எல்லை என்றால் விறைப்பாக இருப்பது என்று யாராவது எடுத்துக்கொண்டால் நான் எழுதியது வீண். ஒட்டாத அலட்சியமும் மீறல்தான் என்பதை மறந்துவிடுகிறோம். கைபேசியைப் பார்த்துக்கொண்டே உணவுக்குழாயில் கஞ்சியை ஊற்றுவது, நோயாளி அறையிலிருக்கும்போதே அவரைப் பற்றி மூன்றாம் மனிதர்போல் பேசுவது, ஓர் எல்லையைக் காரணம் காட்டி, அழும் மனிதரின் பக்கத்தில் உட்காராமல் போவது ஆகியவை, பரிசு வாங்குவதைவிட அதிகமான வீடுகளில் நடக்கின்றன. இறுதி நாள்களில் இருக்கும் நோயாளியின் வாயை ஈரப் பஞ்சால் நனைத்துவிட்டு, மார்ஃபின் கொடுத்த நேரத்தைக் குறித்துவிட்டு, அதன்பிறகு ஒரு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது முழுக்க முழுக்கத் தொழிலுக்குள் அடங்கியது. வேறு நோயாளிகளிடம் செலவிடாத நேரத்தை இவரிடம் மட்டும் செலவிடுகிறேனா, விடுமுறை நாளிலும் போய்ப் பார்க்கிறேனா, என்னைத் தவிர வேறு யாராலும் இவரைச் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்று நம்பத் தொடங்கிவிட்டேனா, இவரைப் பற்றிச் சக செவிலியர் ஒரு குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று தைக்கிறதா என்று அவ்வப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வது போதும். கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் அன்றே மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

விடைபெறுவதையும் முதல் நாளிலிருந்தே திட்டமிட வேண்டும். நோயாளி தேறிவருகிறார் என்றால், இன்சுலின் போடுவதையும் காயத்துக்குக் கட்டுப் போடுவதையும் மெல்ல மெல்லக் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் செய்வதை நாம் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நாம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்ற நிலையில் ஒரு வீட்டைவிட்டு வருவது நம் திறமைக்குச் சான்று ஆகாது. நோயாளி இறந்துவிட்டால், இறுதி மரியாதைக்குச் செல்வதும், ஒருமுறை துக்கம் விசாரிப்பதும் முறைதான். அதன்பிறகும் அந்தக் குடும்பம் வாரந்தோறும் நம்மை அழைத்து அழுதால், துக்கத்தில் உதவக்கூடிய ஆலோசகரிடம் அவர்களைச் சேர்ப்பதே நாம் செய்யக்கூடிய நல்ல உதவி. நம் துக்கத்துக்கும் இடம் வேண்டும். அதைச் சக செவிலியரிடம் கொண்டுபோங்கள், அந்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இவை எதையும் ஒரு செவிலியர் தனியாகத் தாங்க முடியாது என்பதால், பணிக்கு அனுப்பும் நிறுவனங்களிடமும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. தொழில் எல்லை பற்றிய விதிகளைச் செவிலியரிடம் மட்டும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது போதாது. அதே விதிகளைக் குடும்பத்தாரிடமும் முதல் நாளிலேயே கொடுத்து விளக்க வேண்டும். நீண்ட காலம் ஒரே வீட்டில் இருப்பவரை வாரம் ஒருமுறையாவது மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்து, நோயாளியின் நிலையோடு அவருடைய நிலையையும் விசாரிக்க வேண்டும். அதே வீட்டை அறிந்த இரண்டாவது செவிலியர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும்; அப்போதுதான் முதலாமவர் விடுப்பு எடுக்க முடியும், நோயாளியும் ஒரே ஆளை நம்பியிருக்க மாட்டார். வீட்டிலேயே தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு, யாரும் கூப்பிடாத ஓய்வு நேரமும் தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறையும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். குடும்பம் மனத்தாங்கலோடு புகார் செய்தால், செவிலியரை மாற்றிவிடுவதற்கு முன்பு அவருடைய குறிப்பேட்டை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள்.